இரவுப் பணியில் யார் இருக்கிறார்கள்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருபது முதியோர் பராமரிப்பு இல்லங்களிலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட 200 நிகழ்வுகளின் கோப்புகளை, அந்தத் துறையில் பழுத்த அனுபவமுள்ள மருத்துவர்களும் செவிலியர்களும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். இவரை அனுப்பாமலே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. 134 கோப்புகளில் 'முடிந்திருக்கலாம்' என்று பதில் வந்தது. நூற்றுக்கு 67. முதியோர் மருத்துவர் ஜோசப் அவுஸ்லாண்டரும் சக ஆய்வாளர்களும் 2010இல் இதை வெளியிட்டார்கள். எண்ணைவிட அவர்கள் சொன்ன காரணங்கள்தான் முக்கியம். நோயாளியை நேரில் பார்க்க மருத்துவரோ, மருந்து எழுத உரிமையுள்ள செவிலியரான நர்ஸ் பிராக்டிஷனரோ இல்லத்தில் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. டிரிப்ஸ் ஏற்ற வழியில்லை. உடல்நிலை மாறியதை யாரும் ஒழுங்காக மதிப்பிடவில்லை. நோய் முற்றியதால் போனவர்களைவிட, பார்க்க ஆளில்லாததால் போனவர்கள் அதிகம் என்று அந்தக் காரணங்களைச் சுருக்கிச் சொல்லலாம்.

நம் ஊரில் பிரசவம் பார்க்கும், குடலிறக்கத்துக்கு அறுவை செய்யும் சிறு தனியார் மருத்துவமனையை நர்சிங் ஹோம் என்கிறோம். இங்கே பேசப்படுவது அதுவல்ல. எழவும் நடக்கவும் கழிப்பறைக்குப் போகவும் துணை வேண்டிய முதியவர்கள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தங்கியிருக்கும் இல்லங்கள் இவை. அமெரிக்காவில் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. எந்த நாளிலும் பன்னிரண்டு லட்சம் பேருக்குக் குறையாமல் அவற்றில் வாழ்கிறார்கள். 2011 நிதியாண்டில், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் இருந்த இல்லவாசிகளில் நான்கில் ஒருவர் ஒரு தடவையாவது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம் கணக்கிட்டது. அதற்கு மெடிகேர் செலவிட்டது 1,430 கோடி டாலர். சேர்க்கைக்கு முதற்காரணமாக இருந்தது ரத்தத்தில் பரவிய தொற்று. இப்படிப்பட்ட தொற்று பெரும்பாலும் எங்கோ ஒரு சிறுநீர்த் தொற்றாகவோ, நுரையீரல் சளியாகவோ, படுக்கைப்புண்ணாகவோதான் தொடங்குகிறது.

மருத்துவமனைக்குப் போவதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். எண்பத்தைந்து வயதுக்காரருக்கு, அதிலும் மறதி நோய் உள்ளவருக்கு, நிறையவே கெடுதல் உண்டு. முகம் தெரியாத ஆட்கள், விளக்கணையாத அறை, அவசரப் பிரிவின் ஸ்ட்ரெச்சரில் மணிக்கணக்கான காத்திருப்பு. இரண்டே நாளில் மனக்குழப்பம் முற்றி, ஊசிக்குழாயைப் பிடுங்கி எறிவார்; அதைத் தடுக்க மயக்க மருந்து கொடுப்பார்கள்; மயக்கத்தில் கிடந்தவர் சாப்பிட மாட்டார். நிமோனியாவுக்காகப் போனவர் நிமோனியா குணமாகித் திரும்புகிறார், நடையைத் தொலைத்துவிட்டு. பழைய மருந்துச் சீட்டும் புதிய மருந்துச் சீட்டும் ஒத்துப்போகாமல் அடுத்த வாரமே மறுபடி ஆம்புலன்ஸ் வரும். மருத்துவமனையிலிருந்து இல்லங்களுக்கு மாற்றப்பட்ட மெடிகேர் நோயாளிகளில் 23.5 சதவீதம் பேர் முப்பது நாளுக்குள் திரும்பவும் மருத்துவமனைக்கே வந்தார்கள் என்று 2006ஆம் ஆண்டின் தரவை ஆராய்ந்த வின்சென்ட் மோர் குழுவினர் கண்டார்கள். அவர்கள் தங்கள் கட்டுரைக்குச் சுழல்கதவு என்று தலைப்பிட்டதில் வியப்பில்லை.

அனுப்புவது என்ற முடிவை எடுப்பவர் யார்? காகிதத்தில் மருத்துவர். நடைமுறையில், வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு நாற்பது படுக்கைகளுக்குப் பொறுப்பாக ஒற்றையாளாக நிற்கும் எல்.பி.என். இது ஏறக்குறைய ஓராண்டுப் பயிற்சியோடு உரிமம் பெற்ற செவிலியர் பணி. ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற செவிலியருக்கு உள்ள அளவு பயிற்சியோ, பல மாநிலங்களில் நோயாளியின் நிலையை முழுமையாக மதிப்பிட்டு முடிவு சொல்லும் அதிகாரமோ எல்.பி.என்.னுக்குக் கிடையாது. ஆர்.என். ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் இருந்தால் போதும் என்கிறது 1987ஆம் ஆண்டின் இல்லச் சீர்திருத்தச் சட்டம். அந்த எட்டு மணி நேரம் இயல்பாகவே பகலில் போய்விடும். எல்.பி.என். மருத்துவரை அழைக்கிறார். எடுப்பவர் அன்றைய அழைப்புப் பொறுப்பில் உள்ள யாரோ ஒருவர்; நோயாளியைப் பார்த்திராதவர். காய்ச்சல் 101, மூச்சு கொஞ்சம் வேகம், சாப்பிடவில்லை என்று இவர் சொல்ல, அவருக்கு இரண்டே வழி தெரிகிறது. நம்பிக்கையில்லாத தகவலை வைத்துக்கொண்டு மருந்து எழுதுவது. அல்லது அனுப்பச் சொல்வது. அனுப்பச் சொன்னதற்காக யாரும் அவர்மேல் வழக்குப் போடப்போவதில்லை. மகளோ மகனோ தொலைபேசியில் பதறினால் பேச்சு அத்தோடு முடிந்தது. இதில் எவரையும் சோம்பேறி என்றோ கோழை என்றோ சொல்வது நியாயமில்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் அதுதான் பகுத்தறிவுள்ள முடிவு. இந்தத் துறையின் ஆய்வுகள் எல்லாமே கடைசியில் அந்த நேரத்தையும் இடத்தையும் மாற்ற முடியுமா என்ற கேள்விக்குத்தான் வந்து நிற்கின்றன.

மாற்றம் இரவில் தொடங்குவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இரவு பதினொன்றரைக்குக் கண்டுபிடிக்கப்படும் நோய்க்கு, முந்தைய திங்கட்கிழமையே அறிகுறி இருந்திருக்கும். கென்னத் பூக்வார், மார்க் லாக்ஸ் உள்ளிட்டோர் 2000இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றும் உதவியாளர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, இன்று இவரிடம் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று குறிக்கச் சொன்னார்கள். சோர்வு, சிடுசிடுப்பு, சாப்பாட்டில் மனமின்மை. அந்தக் குறிப்புகள், மருத்துவக் கோப்பில் நோய் முதன்முதலாகப் பதிவாவதற்குச் சராசரியாக ஐந்து நாள் முன்னதாகவே இருந்தன. ஐந்து நாள் என்பது நிமோனியாவுக்கு ஒரு யுகம். ஆனால் அந்த உதவியாளரின் நிலை என்ன? மத்திய விதிப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, கடைநிலைச் சம்பளம், அவர் சொல்வதைக் கேட்கும் பழக்கம் மேலே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. "பாட்டி இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்காங்க" என்ற வாக்கியத்துக்குக் கோப்பில் கட்டம் கிடையாது.

அந்தக் கட்டத்தை உண்டாக்கியது அவுஸ்லாண்டர் குழுவின் 'இன்டராக்ட்' திட்டம். உதவியாளர் நிரப்ப ஒரு சீட்டு: வழக்கம்போல் இல்லை, பேச்சுக் குறைந்தது, கூடுதல் துணை தேவைப்படுகிறது, வலி, சாப்பாடு குறைந்தது, இப்படி. செவிலியர் மருத்துவரை அழைக்குமுன் வரிசைப்படி சொல்ல ஒரு படிவம். காய்ச்சலுக்கு, மூச்சுத்திணறலுக்கு, நீரிழப்புக்கு என்ன செய்வது, எப்போது அழைப்பது என்று தனித்தனி வழிகாட்டிகள். அனுப்பிய ஒவ்வொருவருக்கும் பின்னோக்கி ஆராய ஒரு தாள். 25 இல்லங்களில் ஆறு மாதம் நடத்தியதில் மருத்துவமனைச் சேர்க்கை 17 சதவீதம் குறைந்தது என்று 2011இல் அறிவித்தார்கள். மனம் வைத்துச் செய்த இல்லங்களில் 24 சதவீதம். பேருக்குச் செய்த இல்லங்களில் 6 சதவீதம். நாடெங்கும் இல்லங்கள் படிவங்களைத் தரவிறக்கிக்கொண்டன.

பிறகு குலுக்கல் முறையில் இல்லங்களைப் பிரித்து, 85 இல்லங்களில் முறையாகச் சோதித்தார்கள். முடிவு 2017இல் வந்தது. மொத்தச் சேர்க்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தவிர்க்கத்தக்கவை என்று வகைப்படுத்திய சேர்க்கைகள் சற்றுக் குறைந்ததாகத் தோன்றியது, புள்ளியியல் திருத்தத்துக்குப் பிறகு அதுவும் நிற்கவில்லை. திட்டத்தை உருவாக்கியவர்களே முன்னின்று சோதித்து, தங்களுக்குச் சாதகமில்லாத முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள்; அது பாராட்டுக்குரியது. பயிற்சி இணையவழியாகவும் தொலைபேசியாகவும்தான் தரப்பட்டது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. படிவம் இல்லத்துக்கு வந்தது, அதை நிரப்பவும் படிக்கவும் புதிதாக ஆள் வரவில்லை. ஏற்கெனவே நாற்பது பேரைப் பார்ப்பவரின் மேசையில் இன்னும் ஒரு தாள் சேர்ந்தது. 2011இல் கிடைத்த 24க்கும் 6க்கும் நடுவிலிருந்த இடைவெளி இதை முன்கூட்டியே சொல்லியிருந்தது என்றுகூட வாதிடலாம்.

ஆள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு முந்தைய சான்று ஒன்று இருக்கிறது. மின்னசோட்டாவில் இரண்டு நர்ஸ் பிராக்டிஷனர்கள் 1987இல் தொடங்கிய 'எவர்கேர்' என்ற ஏற்பாடு. நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் நோயறியவும் மருந்து எழுதவும் உரிமையுள்ள, முதுநிலைப் பயிற்சி பெற்ற செவிலியர். எவர்கேர் அவர்களை இல்லங்களுக்கு அனுப்பி, குறிப்பிட்ட முதியவர்களைத் தொடர்ந்து பார்க்க வைத்தது. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போய், இல்லத்திலேயே வைத்துக் கூடுதலாகக் கவனித்தால் அந்த நாட்களுக்கு இல்லத்துக்குத் தனியாகப் பணமும் கொடுத்தது. ராபர்ட் கேன் குழு 2003இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எவர்கேரில் இருந்தவர்களின் மருத்துவமனைச் சேர்க்கை மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதி. ஒரு நர்ஸ் பிராக்டிஷனரால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,03,000 டாலர் மருத்துவமனைச் செலவு மிச்சம் என்று கணக்கு. அப்போதே அது அவர் சம்பளத்தைவிட அதிகம்.

மெடிகேரை நடத்தும் அமைப்பு 2012இல் பெரிய அளவில் இதைச் சோதிக்க முன்வந்தது. ஏழு மாநிலங்களில் ஏழு நிறுவனங்கள், 143 இல்லங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி திட்டம் வகுத்துக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரமே ஆய்வாளர்களுக்கு வரமாக அமைந்தது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது. மிசோரி பல்கலைக்கழகச் செவிலியர் பள்ளியின் மர்லின் ராண்ட்ஸ் தலைமையில், செயின்ட் லூயிஸ் வட்டாரத்தின் 16 இல்லங்களில் ஆளுக்கு ஒருவராக முழுநேர உயர்நிலைச் செவிலியர்கள் அமர்த்தப்பட்டார்கள். இன்டியானாவில் 19 இல்லங்களில் முழுநேர ஆர்.என்.களும், அவர்களுக்குத் துணையாகச் சுற்றிவரும் நர்ஸ் பிராக்டிஷனர்களும். வேறு சில இடங்களில் பயிற்சி தரவும் படிவங்களைப் பழக்கவும் மட்டும் செவிலியர்கள் வந்தார்கள்; நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது அவர்கள் வேலையில்லை. ஏழு இடங்களிலும் சேர்க்கை குறையும் திசையிலேயே போனது. ஆனால் கட்டிலருகில் நின்று நேரடியாகப் பார்த்த இடங்களில்தான் தெளிவான, பெரிய குறைவு. மிசோரியில் மொத்தச் சேர்க்கை 30 சதவீத அளவுக்கு இறங்கியது. இதே 'இன்டராக்ட்' படிவங்களைத்தான் அங்கும் பயன்படுத்தினார்கள். படிவம் அதேதான், கையில் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போக ஒருவர் இருந்தார், அவ்வளவுதான் வேறுபாடு.

மிசோரிச் செவிலியர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் அதிசயம் எதுவுமில்லை. தண்ணீர் குடிக்க வைத்தார்கள். தேவையில்லாத மருந்துகளை நிறுத்தினார்கள். சிறுநீர்த் தொற்று என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் கொடுக்குமுன் உண்மையில் தொற்றுதானா என்று பார்த்தார்கள். குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசினார்கள். எல்.பி.என். ஒருவருக்கு நுரையீரலைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த முறை அவர் மருத்துவரை அழைத்தபோது அந்தக் குரலில் உறுதி வந்தது.

அடுத்த கட்டத்தில்தான் பாடம் கடுமையானது. 2016 முதல் 2020 வரை மெடிகேர் வேறொரு கேள்வி கேட்டது: ஆளை நாமே அனுப்புவதைவிட, இல்லத்துக்குப் பணம் கொடுத்தால் அவர்களே வழி தேடிக்கொள்ள மாட்டார்களா? தவிர்க்கத்தக்க சேர்க்கைகளில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்குக் காரணம் என்று கருதப்பட்ட ஆறு நோய்நிலைகளை எடுத்துக்கொண்டார்கள்: நிமோனியா, இதயச் செயலிழப்பு, ஆஸ்துமாவும் அதை ஒத்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பும், தோல் தொற்று, நீரிழப்பு, சிறுநீர்த் தொற்று. இவற்றில் ஒன்றுக்கு இல்லத்திலேயே சிகிச்சை அளித்தால் நாளொன்றுக்கு 218 டாலர் கூடுதல். மருத்துவருக்கும் வந்து பார்த்ததற்குக் கூடுதல் கட்டணம். ஒரு பகுதி இல்லங்களில் முதற்கட்டச் செவிலியர்களும் தொடர்ந்தார்கள். புதிதாகச் சேர்ந்த இல்லங்களுக்குப் பணம் மட்டும். பணம் மட்டும் பெற்ற இல்லங்களில் சேர்க்கை குறைந்ததற்குச் சீரான சான்று எதுவும் கிடைக்கவில்லை. பில் போட்டார்கள், பணம் வாங்கினார்கள், ஆம்புலன்ஸ்கள் வழக்கம்போல் போய்வந்தன. ஊக்கத்தொகை என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் சுகாதாரப் பொருளியலாளர்கள் இந்த முடிவை இன்னும் அடிக்கடி மேற்கோள் காட்டலாம் என்பது என் எண்ணம்.

பணம் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு அமெரிக்கக் கணக்குமுறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இல்லங்களில் நீண்டகாலம் தங்கியிருப்பவர்களில் பெரும்பான்மையோரின் செலவை ஏழைகளுக்கான மெடிகெய்ட் ஏற்கிறது. அதன் நாள் கட்டணம் குறைவு. மருத்துவமனைச் செலவோ முதியோருக்கான மெடிகேரின் தலையில். ஒருவரை மூன்று நாள் மருத்துவமனையில் வைத்துத் திருப்பி அனுப்பினால், அவர் நூறு நாள் வரை மெடிகேரின் உயர்ந்த கட்டணத்தில் இல்லத்தில் இருக்கத் தகுதி பெறுகிறார். அதாவது, அதே கட்டில், அதே மனிதர், முன்பைவிடக் கூடுதல் வரும்படி. சில மாநிலங்களில் அவர் மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் காலிக்கட்டிலைப் பிடித்துவைக்க மெடிகெய்ட் பணம் தந்தது. அப்படித் தந்த மாநிலங்களில் அனுப்பிவைப்பதும் அதிகமாக இருந்தது என்று ஓர்னா இன்ட்ரேட்டர் குழுவினர் 2007இல் காட்டினார்கள். இரவுக்கு ஓர் ஆர்.என். வைக்க ஆகும் செலவு இல்லத்துடையது. அதனால் மிச்சமாவது மெடிகேருடையது. உரம் போடுபவன் ஒருவன், அறுவடை இன்னொருவனுக்கு என்றிருக்கும் வயலில் யார் உரம் போடுவார்? நாளுக்கு 218 டாலர் என்பது நோய் வந்தபின் வரும் பணம். ஒரு முழுநேரப் பணியிடத்தை அதை நம்பி எந்த நிர்வாகியும் உருவாக்க மாட்டார்.

ஆக, ஆள் எண்ணிக்கையைச் சட்டத்தால் கூட்டிவிட்டால்? இங்கே ஆய்வுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆர்.என். நேரம் அதிகமுள்ள இல்லங்களில் மருத்துவமனைச் சேர்க்கை குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. உதவியாளர் நேரத்துக்கும் சேர்க்கைக்கும் உள்ள தொடர்பு சில ஆய்வுகளில் தெரிகிறது, சிலவற்றில் மறைகிறது. ஆளதிகம் உள்ள இல்லம் பணமுள்ள இல்லம். பணமுள்ள இல்லத்தில் சேர்பவர்களும் வேறு மாதிரியானவர்கள். இந்தச் சிக்கலைப் புள்ளியியல் ஓரளவுதான் பிரிக்கும். ஆனாலும் 2001இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளிக்கப்பட்ட அறிக்கை ஒரு எல்லைக்கோட்டைப் போட்டது. நீண்டகாலவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு எல்லாச் செவிலியர்களும் உதவியாளர்களும் சேர்ந்து 4.1 மணி நேரம், அதில் ஆர்.என். பங்கு 0.75 மணி. இதற்குக் கீழே போனால் பராமரிப்புத் தரம் பழுதாகும் அபாயம் கூடுகிறது என்றது. கால் நூற்றாண்டாக எல்லா விவாதமும் அந்த 4.1ஐச் சுற்றியே நடக்கிறது.

சராசரி என்ற சொல்லிலும் ஏமாற்று உண்டு. முன்பெல்லாம் பணியாளர் கணக்கை இல்லங்களே அரசுத் தணிக்கையாளர் வரும் சமயத்தில் எழுதிக்கொடுத்தன. 2016 முதல் சம்பளப் பதிவேட்டிலிருந்து நாள்வாரியாக எடுக்கத் தொடங்கியதும் உண்மை முகம் தெரிந்தது. ஃபாங்லி கெங், டேவிட் ஸ்டீவன்சன், டேவிட் கிராபௌஸ்கி மூவரும் 2019இல் அதை அலசி, வார இறுதிகளில் பணியாளர்கள் சரிவதையும், தணிக்கை நெருங்கும்போது ஏறுவதையும் காட்டினார்கள். ஆஷ்வின் காந்தியும் மற்றவர்களும் 2021இல் காட்டியது இன்னும் திகைப்பூட்டும்: செவிலியப் பணியாளர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 128 சதவீதம் மாறிப்போகிறார்கள். ஒரு பணியிடத்துக்கு ஆண்டில் ஒருவருக்கு மேல் வந்துபோகிறார் என்று பொருள். பூக்வார் ஆய்வின் உதவியாளரை இங்கே நினைத்துப் பாருங்கள். இன்று பாட்டி ஒரு மாதிரியாக இருக்கிறார் என்று சொல்ல, நேற்றும் போன மாதமும் பாட்டி எப்படி இருந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஏஜென்சி மூலம் அன்றைக்கு மட்டும் வந்தவருக்கு எல்லாப் பாட்டிகளும் ஒரு மாதிரியாகத்தான் இருப்பார்கள். மணி நேரக் கணக்கில் இவரும் அவரும் ஒன்றே. எண்ணிக்கையை வற்புறுத்தும் சட்டங்களில் எனக்குள்ள மனக்குறை இதுதான்: நிலைத்திருக்கும் பணியாளரை எண்ண அவற்றுக்குத் தெரியாது.

ஆளோடு தெளிவான நடைமுறையும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்காவுக்கு வெளியே நல்ல உதாரணங்கள் உள்ளன. கனடாவின் ஒன்டாரியோவில் மார்க் லோப் குழுவினர் 22 இல்லங்களில், நிமோனியா வந்தால் இல்லத்திலேயே எக்ஸ்ரே எடுத்து, வாய்வழி ஆன்டிபயாட்டிக் கொடுத்து, ஆக்ஸிஜன் அளவைப் பார்த்து, நீரேற்றம் செய்யும் வரையறுத்த வழிமுறையைச் சோதித்தார்கள். செவிலியர் நேரில் வந்து பார்த்தார். வழக்கமான முறையில் 22 சதவீதம் பேர் மருத்துவமனை போனார்கள். இந்த முறையில் 10 சதவீதம். இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்கம்ஷயரில் ரஷ்கிளிஃப் வட்டாரத்தில் ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு குடும்பநல மருத்துவர் குழு என்று பொறுப்புப் பிரித்து, தவறாமல் போய்வரச் செய்தார்கள். அவசரச் சேர்க்கை ஒப்பீட்டுக் குழுவைவிட 23 சதவீதம் குறைவு என்று 2017இல் மதிப்பிடப்பட்டது. 2020 அக்டோபர் முதல் இங்கிலாந்து முழுக்க இல்லங்களுக்கு வாராந்தரச் சுற்று என்பது குடும்பநல மருத்துவர்களின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நெதர்லாந்து இன்னும் முன்னே போய், இல்ல மருத்துவத்தைத் தனி மருத்துவத் துறையாகவே 1990 வாக்கில் அங்கீகரித்தது. மூன்றாண்டுப் பயிற்சி பெற்ற அந்த மருத்துவர்கள் இல்லத்தின் ஊழியர்கள். அழைத்தால் வருபவர் வேறு, அங்கேயே இருப்பவர் வேறு. ஆஸ்திரேலியா, முதியோர் பராமரிப்பு குறித்த அரச ஆணையத்தின் 2021 அறிக்கைக்குப் பிறகு, 24 மணி நேரமும் ஆர்.என். என்பதை 2023 ஜூலை முதலும், ஒருவருக்கு நாளுக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு என்பதை 2024 அக்டோபர் முதலும் கட்டாயமாக்கியது.

'தவிர்க்கத்தக்கது' என்ற முத்திரையையும் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். கோப்பைப் பின்னாலிருந்து படிப்பவருக்கு முடிவு தெரியும்; இரவில் நின்றவருக்குத் தெரியாது. இடுப்பெலும்பு முறிந்தவர் போகத்தான் வேண்டும். வேறு சிலரோ, சிகிச்சை இல்லத்தில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், போக விரும்பாதவர்கள். முற்றிய மறதி நோயுள்ள இல்லவாசிகளில் 19 சதவீதம் பேர் வாழ்வின் கடைசிக் கட்டத்தில் பயனற்ற, வேதனை தரும் இடமாற்றங்களுக்கு ஆளாகிறார்கள் என்று பெட்ரோ கோசாலோ குழு 2011இல் எழுதியது. அலாஸ்காவில் இது 2.1 சதவீதம், லூசியானாவில் 37.5. ஒரே நாடு, ஒரே நோய். இந்த வித்தியாசத்தை நோயால் விளக்க முடியாது. என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று முன்கூட்டியே குடும்பத்தோடு பேசி எழுதிவைத்தார்களா என்பதில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அந்தப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அதைப் பேசத் தெரிந்த ஒருவரின் ஒரு மணி நேரம். இன்டியானாச் செவிலியர்களின் பணியில் இந்தப் பேச்சும் முக்கியப் பகுதியாக இருந்தது தற்செயல் அல்ல.

அமெரிக்காவில் சட்டம் எங்கே நிற்கிறது? 2024 ஏப்ரலில் பைடன் அரசு, ஒருவருக்கு நாளுக்கு மொத்தம் 3.48 மணி நேரம், அதில் ஆர்.என். 0.55, உதவியாளர் 2.45, எல்லா நேரமும் ஓர் ஆர்.என். என்று விதி அறிவித்தது. நிமிடத்தில் 209, ஆஸ்திரேலியாவின் அளவுக்குச் சற்றுக் குறைவு, 2001இன் 4.1க்கு நன்றாகவே குறைவு. இல்ல உரிமையாளர் சங்கங்கள் ஆள் கிடைக்காது, கிராமப்புற இல்லங்கள் மூடப்படும் என்று வழக்குப் போட்டன. இந்த அச்சத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. மெடிகெய்ட் கட்டணத்தை உயர்த்தாமல் ஆளை மட்டும் உயர்த்தச் சொன்ன விதி அது. 2025 ஏப்ரலில் டெக்சஸ் கூட்டாட்சி நீதிமன்றம் விதியின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. ஜூலையில் நிறைவேறிய டிரம்ப் அரசின் வரவுசெலவுச் சட்டம், 2034 செப்டம்பர் 30 வரை அதை நடைமுறைப்படுத்தத் தடை போட்டது. மத்திய அளவில் மிஞ்சியிருப்பது 1987இன் எட்டு மணி நேரம்.

அதனால் இரவில் நோயாளியைப் பார்க்கத் தெரிந்தவரை இல்லத்துக்கு அனுப்பும் வேலை இப்போது பெரும்பாலும் தனியார் காப்பீட்டுத் திட்டங்களிடம் போயிருக்கிறது. எவர்கேரின் வழிவந்த, இல்லவாசிகளுக்கென்றே தனியாக உள்ள மெடிகேர் திட்டங்கள் அவை. மெடிகேரிடம் தலைக்கு இவ்வளவு என்று பெற்றுக்கொண்டு, அதற்குள் மருத்துவமனைச் செலவையும் ஏற்கின்றன. தங்கள் நர்ஸ் பிராக்டிஷனர்களை இல்லங்களில் நிறுத்துகின்றன. உரம் போடுபவரும் அறுவடை செய்பவரும் ஒருவரே ஆகிவிட்டதால் கணக்கு நேராகிவிட்டது. கூடவே, அனுப்பாமல் இருப்பதில் நேரடி லாபமும் வந்துவிட்டது. மிசோரியில் கட்டிலருகே நின்ற செவிலியருக்குச் சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே ஒருவர் மருத்துவமனைக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். காப்பீட்டு நிறுவனத்தின் செவிலியர் 'அம்மாவை இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும்போது, அதே வார்த்தையை மகள் வேறு காதால் கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.